நெல் மூட்டை மேல் ஒரு சேர்வர்

எங்கள் மாமாவிடம் எதைக் கேட்டாலும் கொண்டுவந்து தருவார். கேட்டதை மட்டும் தரமாட்டார். அம்மா ஒருமுறை இடியப்ப உரல் வாங்கிவரச் சொன்னார். மாமா, கடைக்காரர்கள் முறுக்குப் பிழிகிற பெரிய கைமிசின் ஒன்றை அதன் நாலு காலோடும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அப்பா பயிற்றங்கன்றுக்கு மருந்தடிக்கச் சின்னதாக ஏதாவது பார் என்றதற்கு, வாகனம் கழுவும் கடைகளில் வைத்திருக்கிற தண்ணீர் மிசின் வந்தது. அதை ஒரேயொரு தரம் பிடித்துப் பார்த்ததில் ஒரு வரிக் கன்று வேரோடு போய்விட்டது. "வேகமா அடிக்குதோ இல்லையோ, அத்தான்?" என்று மாமா கேட்டார். அடித்தது உண்மைதான்.

அப்படிப்பட்டவரிடம் அக்காவுக்குக் கம்பியூட்டர் வாங்கும் பொறுப்பைக் கொடுத்தது யார் என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஆளுக்காள் கைகாட்டிக்கொள்வார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. நாட்டில் சண்டை நடந்த கடைசி வருடங்கள் முழுக்கக் கட்டாரில் இருந்தவர். இடம்பெயர்ந்திருந்த நாங்கள் திரும்பவும் உடையார்கட்டுக்கு வந்து, வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கட்டி, ஓடும் போட்டு முடித்த பிறகுதான் ஊருக்கு வந்தார். அங்கே ஒரு பெரிய கம்பனிக் கந்தோரில் கம்பியூட்டர்கள் வைக்கிற குளிர் அறையில் வேலை செய்ததாகச் சொல்லுவார். என்ன வேலை என்று ஒருவரும் துருவிக் கேட்கவில்லை. அறையைக் குளிராக வைத்திருக்கிற வேலை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் கம்பியூட்டர் என்றால் மாமாதான் என்று எங்கள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

அக்கா அப்போது உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளித் தவணை முடிவதற்குள் ஒரு புரொஜெக்ட் செய்து கொடுக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டரில் செய்வதென்றால் வகுப்பு முடிந்த பிறகு தங்கவேண்டும். தங்கினால் கடைசி பஸ் போய்விடும். பஸ் போனால் அப்பா வயல்வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றப் போகவேண்டும். இரண்டு நாள் போனார், மூன்றாம் நாள், "பிள்ளை, உந்தப் படிப்பை விட்டிட்டு வேற ஏதும் படிக்கேலாதோ?" என்று கேட்டார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வீட்டில் ஒரு கம்பியூட்டர் இருந்தால் அவளுக்குப் படிப்பு; இல்லாவிட்டால் இல்லை. நிலைமை அதுதான். எனக்குப் பத்து வயது. எனக்கும் கம்பியூட்டர் வேண்டும், பாட்டுக் கேட்க.

மாமா கொழும்புக்குப் போய், மூடிவிட்ட ஏதோ ஒரு கந்தோரின் சாமான்களை ஏலம் போட்ட இடத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். தெருவிலிருந்து வீடுவரை லான்ட்மாஸ்டர் உழவு மிசினின் பெட்டியில்தான் கொண்டுவரவேண்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் வேலிப் படலைக்கு ஓடினோம். சாக்கை விலக்கியபோது உள்ளே இருந்தது நீளமாக, தட்டையாக, பேக்கரியில் பாண் அடுக்குகிற தட்டு மாதிரி ஒரு இரும்புச் சாமான். இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்கலாம்.

அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "டேய், இதென்ன, பேக்கரி போடப்போறியோ?"

"அக்கா, இது சேர்வர். வங்கியள், பெரிய கந்தோருகள் எல்லாம் இதிலதான் ஓடுது. ஒரு கந்தோர் முழுக்க இருந்து வேலை செய்யலாம்."

"எங்கட வீட்டில ஆர் கந்தோர் நடத்தினம்?"

மாமா அந்தக் கேள்வியைக் கேட்காதவர்போல அதன் மூக்கைத் துடைத்தார். அக்கா சாக்கை முழுதாக விலக்கிப் பார்த்தாள். பிறகு மெல்ல, "ஸ்கிரீன் எங்க மாமா?" என்று கேட்டாள். ஸ்கிரீன் இல்லை. கீபோட் இல்லை. இதெல்லாம் சேர்வருக்குத் தேவைப்படாது என்று மாமா விளக்கினார். அப்பா, "ஆனையை வாங்கிப்போட்டு அங்குசத்துக்கு அழுறதே" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே கிளிநொச்சிக்குப் போய்ப் பழைய ஸ்கிரீன் ஒன்றும் மிச்சச் சாமான்களும் வாங்கிவந்தார். அப்பா வாங்கப் போனால் கேட்ட சாமான்தான் வரும்.

வைக்க இடம் பெரிய பிரச்சினையாகிவிட்டது. மேசையில் வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கதிரைகளை நெருக்கி வைத்தோம். பிளாஸ்ரிக் கதிரை நாலு காலையும் பரப்பிவிட்டது. அறுவடை முடிந்த காலம். விலை ஏறட்டும் என்று அப்பா நெல் மூட்டைகளை வீட்டு விறாந்தையில் அடுக்கிவைத்திருந்தார். கடைசியில் சேர்வர் அந்த மூட்டைகளின் மேல் ஏறியது. கொழும்பில் குளிரூட்டியில் இருந்த சாமான் எங்கள் வீட்டில் நெல்லின் மேலே படுத்திருந்தது. உமித்தூசு கூடாது என்று மாமா தான் உடுத்த பழைய சாரம் ஒன்றைக் கீழே விரித்தார்.

இராகுகாலம் கழியட்டும் என்று அம்மா சொல்ல, எல்லோரும் காத்திருந்தோம். அம்மா சேர்வரின் நெற்றியில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார். தேங்காய் உடைக்க மட்டும் மாமா விடவில்லை. தண்ணி தெறிச்சா அவ்வளவுதான் என்றார். சந்தனம் வைத்ததோடு தன் வேலை முடிந்தது என்று அம்மா குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினார். அப்பா கிணற்றடியில் குளிக்கப் போனார். வயலில் இருந்து வந்த ஆளுக்குக் கம்பியூட்டரைவிடக் கிணற்றுத் தண்ணீர்தான் பெரிது. நானும் என் தம்பியும் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தோம். அக்கா மேசையடியில் நின்றாள். மாமா சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினார்.

அந்தச் சத்தத்தை எனக்கு எழுதிக் காட்டத் தெரியாது. முதலில் மெல்லிய சீழ்க்கை. பிறகு அது ஏறி, ஏறி, தலைக்கு மேலால் ஏதோ தாழப் பதிந்து வருவதுபோல ஒரு பெரிய இரைச்சல். கூரை ஓடு எல்லாம் கிடுகிடுத்தது. ஐயோ, எனக்கென்றால் அவ்வளவு சந்தோஷம்! நான் கை தட்டினேன். தம்பி என்னைப் பார்த்துத் தானும் தட்டினான்.

அப்போது அம்மா குசினியிலிருந்து வந்தார். ஓடிவந்தார் என்று சொல்லமுடியாது. எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. ஒரு கையால் தம்பியையும் மற்றக் கையால் என்னையும் பிடித்து, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பின்வளவு வாழைக்கூட்டத்துக்குப் போய் நின்றார். கையெல்லாம் தேங்காய்ப்பூ. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாழைக்கூட்டத்தில் என்ன இருக்கிறது? வாழைதான் இருந்தது. போகிற வழியில் கிணற்றடியில் அப்பா, உடம்பெல்லாம் சவுக்கார நுரையோடு, முகத்தை மண்ணில் பதித்துக் குப்புறப் படுத்திருந்தார். தலைக்கு மேல் இரண்டு கைகள்.

வீட்டுக்குள் சத்தம் பட்டென்று நின்றது. மாமா வயரைப் பிடுங்கிக்கொண்டு கதவடியில் வந்து நின்றார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. சாமான் வெடித்துவிடும் என்று பயந்துவிட்டார் என நினைத்தேன். அக்காவைக் காணவில்லை. பிறகு மேசைக்குக் கீழே இருந்து வந்தாள். வயர் கழன்றுவிட்டதோ என்று பார்க்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

பக்கத்து வளவுப் பெரியம்மாவும் வேலியடியில் வந்து, எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மெல்ல எழும்பினார். நுரையில் மண் ஒட்டி, சீனியில் புரட்டி எடுத்த பலகாரம்போல இருந்தார். எங்களைப் பார்த்தார். மீசையைத் தடவிப் பார்த்தார்.

"விழுந்தாலும் மீசையில மண் ஒட்டேல்லை எண்டு சொல்லேலாது. வடிவா ஒட்டிட்டுது" என்றார்.

அவ்வளவுதான். மாமா சிரித்தார், அக்கா சிரித்தாள், வேலிக்கு அந்தப்பக்கம் பெரியம்மா சிரித்தார். அம்மா எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் நிறுத்திய பிறகும் அம்மாவின் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவ்வளவு பகிடி என்று நான் நினைத்தேன்.

அன்று பின்னேரமே அம்மா சொல்லிவிட்டார்: "உந்தச் சாமான் இந்த வீட்டில இருக்கேலாது. கொண்டுபோ."

"கொஞ்சம் பொறு அக்கா, சத்தத்தைக் குறைச்சுத் தாறன்" என்றார் மாமா. அக்காவின் தவணையோ முடிந்துகொண்டு வந்தது.

குறைக்க மாமா செய்யாத வேலை இல்லை. முதலில் தடித்த போர்வை ஒன்றால் சேர்வரைப் போர்த்தினார். போர்த்தப் போர்த்த அதற்குச் சூடு ஏறி, முன்னையதைவிடக் கூடக் கத்தியது. பிறகு, அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அதை ஆட்டுக்கொட்டிலுக்குள் வைத்து வயரை ஜன்னலால் எடுத்தார். பொத்தானை அமத்தின மறுநிமிடம் ஆடுகள் வேலி பாய்ந்து பெரியம்மாவின் கத்தரிக்குள் நின்றன. பெரியம்மா மாமாவுக்குப் பேசிய பேச்சில் அந்தச் சேர்வரே வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். திரும்பவும் அது நெல் மூட்டைக்கே வந்தது.

ஒரு நல்ல செய்தியும் இருந்தது. அந்தக் கத்தல் தொடக்கத்தில் மட்டும்தான். ஒரு குவளை தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அது இறங்கி, அரைவை மில் தூரத்தில் ஓடுவதுபோல ஒரு முனகலாகிவிடும். அதன் பிறகு அக்கா இருந்து வேலை செய்யலாம். கெட்ட செய்தியை நான்தான் கண்டுபிடித்தேன். அதில் பாட்டுக் கேட்க முடியாது. சத்தம் வருகிற துளையே அதில் வைக்கவில்லை. படத்தில் ஆட்கள் வாயை வாயைத் திறந்தார்கள். ஒரு சொல் வெளியே வரவில்லை. எங்கள் ஊரிலேயே பெரிய சத்தம் போடுகிற கம்பியூட்டருக்கு ஒரு பாட்டுப் படிக்கத் தெரியாது! நான் மாமாவோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லை.

அக்கா, அம்மா தோட்டத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சேர்வரைத் தொடக்கி, அம்மா வருவதற்குள் நிறுத்திவிடுவாள். தூரத்தில் நின்றால் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. அப்படியே தவணை முடிவுவரை ஓட்டிவிடலாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் பொழுதுபடும் நேரம் கறண்ட் நின்றது. எங்கள் ஊரில் அது புதுமையா? அக்கா எழும்பி முகம் கழுவப் போனாள். அம்மா வந்து விளக்கைக் கொளுத்தி, சோற்றுப் பானையைக் கஞ்சி வடிக்கச் சரித்தார். அந்த நேரம் பார்த்துக் கறண்ட் வந்தது. கறண்ட் வந்தால் தானாகவே எழும்பிக்கொள்ளவேண்டும் என்று அந்தச் சேர்வருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது எழும்பியது.

பானை விழுந்து உடைந்தது. சோறு நிலமெல்லாம். அம்மாவின் காலில் கஞ்சி பட்டிருந்தது. அதை அவர் பார்க்கவும் இல்லை. தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைத் தன்னோடு அணைத்துக்கொண்டு, வாழைக்கூட்டத்தில் நின்றார். சத்தம் இறங்கி வெகுநேரமாகியும் வீட்டுக்குள் வரவில்லை. பேசியிருந்தால், கத்தியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைக்கு எல்லோரும் பாண் சாப்பிட்டோம்.

மறுநாள் காலமை பழைய இரும்பு எடுக்கிறவர் தெருவால் கூவிக்கொண்டு வந்தார். அம்மா படலைக்குப் போய் அவரைக் கூப்பிட்டார். அவருக்குச் சாமானைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. தராசை எடுக்கவும் மறந்து, மூட்டை மேல் இருந்த சேர்வரை மார்போடு கட்டிப்பிடித்துத் தூக்கினார். மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்குத்தான் தாங்கமுடியவில்லை. "அம்மா, அக்காவின்ர புரொஜெக்ட்!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. "அம்மாவுக்கு ஏலாட்டி எங்களுக்கு அது வேண்டாம். எனக்கும் தெரியுந்தானே அம்மா."

என்ன தெரியும் என்று அவள் சொல்லவில்லை. உள்ளே போய், சேர்வரில் செய்துவைத்திருந்த படத்தை நினைவில் இருந்து எடுத்து, அடிமட்டம் வைத்து ஒரு தாளில் கீறத் தொடங்கினாள். கண்ணைத் துடைப்பதும் கோடு கீறுவதுமாக இருந்தாள். அந்தக் கம்பியூட்டர் வேலையைத் தாளில் கீறிக்கொடுத்தால் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது என்று எனக்கே தெரியும்.

அம்மா ஜன்னலால் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரும்புக்காரர் படலைவரை போய்விட்டார்.

"தம்பி, அதை இறக்கி வையுங்கோ" என்றார் அம்மா அவரிடம்.

"அக்கா, நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்?"

"ஓம், கூப்பிட்டனான். இப்ப வையுங்கோ எண்டுறன்."

அவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று, மாமாவின் முறுக்கு மிசினைத் தூக்கிக் கொடுத்தார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் அதன் ஒரு காலைப் பிடித்தார்.

பிறகு அம்மா எங்களை எல்லாம் விறாந்தையில் நிற்கவைத்துச் சட்டம் போட்டார். "வேலை முடிஞ்சால் வயரைக் கழட்டிவிடோணும். கறண்ட் வந்து தன்பாட்டில எழும்பக்கூடாது. ஸ்ராட் பண்ணமுதல் எனக்கு வந்து சொல்லோணும். நான் எங்க நிண்டாலும் சரி. நான் வந்து நிண்டபிறகுதான் ஸ்ராட் பண்ணோணும். விளங்கிச்சோ?"

"பெரியம்மாவுக்கும் சொல்லோணும்" என்றார் அப்பா. "எனக்கும்தான். ஒவ்வொருக்காலும் சவுக்காரம் வீணாகுது."

சொல்லுகிற வேலை எனக்கு வந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகச் செய்தேன். அம்மா கிணற்றடியில் நிற்பார், தோட்டத்தில் நிற்பார், பெரியம்மா வீட்டில் கதைத்துக்கொண்டு நிற்பார். நான் ஓடிப்போய் மூச்சு வாங்க, "அம்மா, ஸ்ராட் பண்ணப்போறம்!" என்பேன். அம்மா கையில் இருப்பதை வைத்துவிட்டு வருவார். ஒருநாள் மாதர் சங்கக் கூட்டம் எங்கள் வேம்புக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது. தலைவி ஏதோ தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து சொன்னேன். பேச்சுக் குழப்பியதற்குக் காது திருகுவார்கள் என்றுதான் பயந்தேன். தலைவி தாளை மடித்து வைத்துவிட்டு, "பிள்ளையள் தொடங்கட்டும். சத்தம் நிண்டாப்போல வாசிப்பம்" என்றார். எல்லாப் பெண்களும் மடியில் கை வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார்கள். சத்தம் இறங்கியதும் ஒருவர் பெருமூச்சு விட்டு, "சரி, உன்ர கொம்பனி தொடங்கிட்டுது" என்று அம்மாவைச் சீண்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பாடசாலை விழாவில் பிரதம விருந்தினர் வந்து விளக்கேற்றினால்தான் நிகழ்ச்சி தொடங்குவது மாதிரி, எங்கள் கம்பியூட்டருக்கு அம்மா வந்து நிற்கவேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அக்கா தவணைக்குள் புரொஜெக்டைக் கொடுத்தாள். நல்ல புள்ளி வந்தது. பிறகு கம்பஸுக்கும் போனாள். சேர்வர் இரண்டு போகம் எங்கள் வீட்டில் வேலை செய்து, மாமா விரித்த சாரத்தையும் மீறி உமித்தூசு குடித்து, ஒருநாள் எழும்பாமலே விட்டது. அம்மா அதன் முதுகில் செத்தல் மிளகாய் காயப்போட்டார். இரும்புக்காரர் பிறகும் சிலமுறை வந்து கேட்டார், அம்மா கொடுக்கவில்லை.

இப்போது நானே கொழும்பில் ஒரு கந்தோரில் கம்பியூட்டர் வேலை செய்கிறேன். அங்கே ஒரு குளிர் அறை நிறைய மாமாவின் சேர்வர்கள். அவற்றுக்கென்றே செய்த இரும்பு அலுமாரிகளில், சந்தனம் இல்லாமல் இருக்கின்றன. வேலைக்குப் போன புதிதில் ஒன்றைத் தொடக்கச் சொன்னார்கள். பொத்தானில் விரல் வைத்ததும் என் வாய் தன்பாட்டில், "அம்மா, ஸ்ராட் பண்ணப்போறம்" என்றது. பக்கத்தில் நின்றவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சத்தம் ஏறியபோதுதான் என் காதுகள் இரண்டும் திறந்து கிடப்பது தெரிந்தது.

ஒவ்வொருமுறையும் நான் போய்ச் சொன்னதும் அம்மா செய்தது என்ன என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. வந்து, என்னை முன்னால் நிறுத்தி, பின்னால் நின்று, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் என் இரண்டு காதுகளையும் பொத்துவார். தம்பிக்குப் பொத்தமாட்டார், அவன் சண்டை முடிந்த பிறகு பிறந்தவன். நான்தான் பேசத் தெரியாத வயதில், வாழைக்கூட்டம் இப்போது நிற்கிற இடத்தில் இருந்த பங்கர்க் குழிக்குள், அவருடைய மடியில் கிடந்தவள். மேலே கிபிர் விமானங்கள் குண்டுபோடப் பதியும்போதெல்லாம் அந்தக் கைகள் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் துளிகூட ஞாபகம் இல்லை.

பத்து வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் நெளிவேன், தலையை ஆட்டுவேன். வெங்காயம் மணக்கிற அந்தக் கைகளைப் பிடித்து இழுப்பேன்.

"விடுங்கோ அம்மா, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை!"

"உனக்குக் கேக்கவேண்டாம்" என்பார் அம்மா, தன் காதுகளைத் திறந்தபடி விட்டுவிட்டு.